போலகத்து நாரையின் கண்

போட்டோ லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் வேலையை விட்ட பிறகு ஜன்னலோரத்து நாற்காலி யாருக்கு என்று உங்களுக்குள் போட்டி நடப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் ஜெயித்தாலும் சரி, அதன் இடது பக்கக் கைப்பிடி ஆடும், முழங்கையை ஊன்றாதீர்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தக் கைப்பிடியைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது வீட்டில் ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் கடைப் பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் மடையான் கொக்கின் படம் ஒன்றுக்கு ஆயில் பெயின்டிங் எஃபெக்ட் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தட்டு தட்டினால் பறவை ஓவியமாகிவிடுகிறது. இன்னொரு தட்டு, வாட்டர் கலர். இன்னொன்று, பென்சில் கோடு. படம் எடுத்தவர் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. நல்லதோ கெட்டதோ, எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். எஃபெக்ட் போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானே ஆயிரக்கணக்கில் போட்டவள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் கடை முதலாளிதான். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நான் சேர்ந்தபோது கம்ப்யூட்டர் கிடையாது. நெகட்டிவில் இருக்கும் புள்ளிகளை மெல்லிய பிரஷ்ஷால் மூட வேண்டும். இருட்டறைச் சிவப்பு விளக்கு, படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நாற்றம், கயிற்றில் காயும் படங்கள் என்று ஒரு உலகம். அந்த நாற்றம் சேலையில் ஏறிப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்துவார்கள். இன்றைக்கு எங்காவது அந்த வாடை வந்தால் நின்று மூச்சை இழுத்துக்கொள்வேன். அப்படி ஏங்க வைத்துவிட்டது.

அந்த நாளிலேயே அண்ணன் போட்ட ஒரே சட்டம், கண்ணில் கை வைக்காதே என்பது. முகப்பருவை எடு, தழும்பை மறை, கண்ணை மட்டும் விட்டுவிடு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதுவே சட்டம். பறவைப் படத்துக்கு எந்த எஃபெக்ட் போட்டாலும் கண்ணை மட்டும் வெட்டி ஒதுக்கி, எடுத்தபடியே விடுவோம். மற்றதெல்லாம் ஓவியமாக இருந்தாலும் கண் உயிரோடு இருக்க வேண்டும் என்பார்.

ஆனால் கல்யாண ஆல்பத்தில் எல்லாக் கடையும் செய்கிற ஒரு தில்லுமுல்லு உண்டு, உங்களுக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும். குரூப் போட்டோவில் ஒருவர் கண்ணை மூடிவிட்டால், அவருடைய வேறு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டுவது. ஒரு முறை அண்ணன் லீவில் இருந்தபோது எங்களில் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு இப்படிக் கண் ஒட்டிவிட்டார். எல்லோரும் கேமராவைப் பார்க்க, மாமன் மட்டும் பக்கவாட்டில் பந்திக்காரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆல்பம் போன வீட்டில் மாமி மூன்று நாள் பேசவில்லையாம். அண்ணன் வந்து எங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு கடையில் கண் ஒட்டுவது அடியோடு நின்றது.

இன்னொரு பழக்கம் நிற்கவே இல்லை. படம் ஆடியிருந்தால், கலங்கியிருந்தால், அதற்குப் பெயின்டிங் போடுவது. ஓவியத்தில் யாரும் தெளிவைத் தேட மாட்டார்கள் அல்லவா? எங்கள் வேலையில் பெயின்டிங் என்பது பாதி நாள் கலைக்காகப் போட்டதல்ல, காயத்துக்குக் கட்டுப் போட்டது.

இனி ஃபோர்மேன் சாரைப் பற்றிச் சொல்கிறேன். அம்பகரத்தூர்க்காரர். வயல் உள்ள குடும்பம். மின்சாரத் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். எங்கள் கடை திறந்தபோது மின் இணைப்பு கொடுத்தவரே அவர்தான், அன்றிலிருந்து அண்ணனுக்குச் சிநேகிதர். கம்பத்தின் மேல் நின்றுதான் அவருக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. கீழே ஒரு ஆள் நிற்காமல் யாரும் கம்பம் ஏறக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் கண்டிப்பு. அந்தக் கீழ் ஆளுக்கு இவர் மேலிருந்து ஒவ்வொரு பறவையின் பெயரையும் கூவிச் சொல்வாராம். ‘சார், முதல்ல கம்பியைப் பாருங்க’ என்று கத்துவார்களாம்.

ஓய்வு பெற்ற பணத்தில் நீள லென்ஸும் கேமராவும் வாங்கினார். மழை ஓய்ந்து வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கினால் அவர் வீட்டில் தங்க மாட்டார். அரசலாற்று முகத்துவாரம், போலகத்து வயல், காரைக்கால்மேட்டுக் கடற்கரை என்று தனியாகச் சுற்றுவார். வருஷா வருஷம் தன் படங்களில் பன்னிரண்டை எடுத்து எங்களிடம் காலண்டர் அடித்து, பழைய ஆபீஸுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கொடுப்பார். டீக்கடையில், ரைஸ் மில்லில் அவர் காலண்டர் தொங்கும். மார்கழி பிறந்தால் அவர் கேமரா கார்டோடு எப்போது வருவார் என்று வாசலைப் பார்ப்போம்.

அந்த வருஷமும் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் அவர் வீட்டம்மா தனியாக வந்து நின்றார். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார்.

“தங்கச்சி, படத்தையெல்லாம் பாத்தீங்களா?”

“இன்னும் இல்லக்கா.”

“பாருங்க. கை நடுக்கம் ரொம்பவே கூடிப்போச்சு. ஸ்கூட்டரை நிறுத்தியாச்சு. பேங்குல கையெழுத்து ஒத்துக்க மாட்டேங்குது. சட்டைப் பித்தான் நான்தான் போட்டு விடுறேன். இந்தக் கேமரா ஒன்னுக்காகத்தான் காலையில எந்திரிக்கிறாங்க. படம் ஆடிப்போச்சுன்னு தெரிஞ்சா அதையும் தூக்கிப் போட்டுட்டுக் கட்டில்ல விழுந்துடுவாங்க. அவங்களுக்குத் தெரியாம எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க.”

அண்ணன் தலையை ஆட்டினார். படங்களைத் திறந்து பார்த்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு படம் கூட நிற்கவில்லை. மீன்கொத்திக்கு இரண்டு அலகு, உள்ளானுக்கு நாலு கால். கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் தெரிந்திருக்கும், பாவம். மகன் வாங்கிக் கொடுத்த ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அவரால் சேற்றில் நடக்க முடிந்திருக்காது.

“எல்லாத்துக்கும் பெயின்டிங் போடு. புதுசா ஒரு ஸ்டைல்னு சொல்லிக்கலாம்,” என்றார் அண்ணன்.

போட்டேன். பதினொரு படம் ஒப்பேறிவிட்டது. நிஜமாகவே சில அழகாக இருந்தன. அட்டைக்கு வைத்திருந்த சாம்பல் நாரை மட்டும் ஒத்துவரவில்லை. முகத்துவாரத்தில் விடியற்காலையில் எடுத்தது. எங்கள் சட்டப்படி கண்ணை ஒதுக்கி விடலாம் என்றால் ஒதுக்குவதற்குக் கண்ணே இல்லை, ஒரு இழுப்புதான் இருந்தது. பெயின்டிங் போட்டதும் அதுவும் கரைந்து, நாரை குருடாக நின்றது.

நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அண்ணன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரையில் நாரைக்குக் கண் வந்திருந்தது. பளிச்சென்று, மஞ்சளாக, மின்னிக்கொண்டு. பழைய காலண்டர் ஃபைலிலிருந்து, ஃபோர்மேன் சாரே கை நன்றாக இருந்த காலத்தில் எடுத்த வேறொரு நாரையின் கண்ணை எடுத்து ஒட்டியிருந்தார்.

“அண்ணே, கண்ணுல கை வைக்காதேன்னு நீங்கதானே...”

“தெரியும். இது என் சிநேகிதனுக்கு. நீ பேசாம இரு.”

அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்தது கோபமில்லை, பாசம்தான்.

இரண்டு நாள் கழித்து ஃபோர்மேன் சாரும் வீட்டம்மாவும் ப்ரூஃப் பார்க்க வந்தார்கள். சாருக்குப் பெயின்டிங் பிடித்துவிட்டது. ‘அட, அட’ என்று ஒவ்வொன்றாகத் திருப்பினார். வீட்டம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விட்டார். கடைசியில் அட்டைப் படம் வந்தது. கையில் தாள் நடுங்கியதால் அதை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, இது நான் அரசலாத்துல காலையில எடுத்ததுதானே?”

“ஆமா சார்.”

“கடல் எனக்கு வலது பக்கம். சூரியன் இங்கேருந்து வருது. கழுத்துல வெயில் இந்தப் பக்கம்தான் விழுந்திருக்கு, சரியா இருக்கு. கண்ணுல மட்டும் எப்படி அந்தப் பக்கம் மின்னுது?”

தாளைத் தன் பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டார்.

“இது போலகத்து நாரை. சாயங்காலம் வயல்ல நிக்கிறப்ப எடுத்தேன், காலண்டர்லகூடப் போட்டோம். போலகத்து நாரையோட கண்ணு அரசலாத்துக்கு எப்படி வந்துச்சு?”

அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். “அது... எஃபெக்ட் போடுறப்ப சில நேரம்...” சார் என் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லும்மா. நான் எடுத்தபடியே இருக்குல்ல, அதைக் காட்டு.”

பின்னாலிருந்து வீட்டம்மாவின் கை என் தோளை அழுத்தியது. வேண்டாம் என்று அர்த்தம்.

பிள்ளைகளே, நம் வேலையில் இப்படி ஒரு நிமிஷம் எல்லோருக்கும் ஒரு நாள் வரும். எனக்குப் பொய் தயாராக இருந்தது. தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் சார், பெயின்டிங் போட்டால் மினுக்கம் இடம் மாறும் சார் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்கவும் கூடும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாள் முழுக்க அத்தனை பெயின்டிங் பூசியும், ஒரு கடுகளவு மினுக்கத்தில் தப்பைக் கண்டுபிடித்த மனிதர் அவர். அவரிடம் ‘இல்லை, உங்களுக்குத்தான் சரியாகத் தெரியவில்லை’ என்று சொன்னால் அவர் தன் கண்ணையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். கைதான் போய்விட்டது. கண்ணாவது அவருக்கு மிஞ்சட்டும் என்று தோன்றியது.

எடுத்தபடியே இருந்த நாரையைத் திறந்து திரை முழுக்கக் காட்டினேன். என் தோளில் இருந்த கை சட்டென்று விலகியது.

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“ஆடினது நாரையா, நானா?”

“நாரை ஆடல சார். பின்னாடி புல்லு, தண்ணி எல்லாமே ஒரே பக்கமா இழுத்திருக்கு.”

“அப்ப நான்தான்.”

“ஆமா சார்.”

“எல்லாமே இப்படியா?”

“எல்லாமே.”

காட்டச் சொன்னார். காட்டினேன். ஒவ்வொரு கலங்கிய உருவத்தையும் பார்த்து அந்தப் பறவையின் பெயரை மெல்லச் சொன்னார், துஷ்டி வீட்டில் இறந்தவர் பேரைச் சொல்வதைப் போல. முடிந்ததும் அந்த அட்டைப் படத்தில் ஒட்டிய கண்ணை விரலால் தொட்டார்.

“நல்லா எடுத்திருக்கேன்ல? அப்ப என் கை நல்லா இருந்திருக்கு.”

எழுந்து போய்விட்டார். கேமராப் பை நாற்காலியிலேயே இருந்தது. வீட்டம்மா அதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, “நல்லா இருக்கா நீங்க செஞ்சது? ஒரு பொம்பளை உங்களை நம்பி வந்து கையெடுத்துக் கேட்டேன்,” என்றார். “இதை நீங்களே வச்சுக்குங்க. இனிமே வீட்ல இது எதுக்கு?”

அண்ணன் அன்றிலிருந்து என்னிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. கேமராப் பையை ஃபிரேம் அடுக்கும் அலமாரியின் மேல் தட்டில் வைத்தோம். போகும்போதும் வரும்போதும் அது கண்ணில் பட்டது. காலண்டர் வேலை அப்படியே நின்றது. டீக்கடைக்காரர் வந்து ‘இந்த வருஷம் ஃபோர்மேன் காலண்டர் இல்லையா?’ என்று கேட்டபோது, இன்னும் அடிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். நான் செய்தது சரியா என்று இராத்திரியெல்லாம் யோசித்ததாகக் கதை விட மாட்டேன், நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அவர் இந்நேரம் கட்டிலில் கிடப்பாரே என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். நாளெல்லாம் அது போகாது.

ஒரு நாள் காலை கடை திறக்க வந்தபோது இருவரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சார் தொப்பி போட்டிருந்தார்.

“கேமராவை எடுத்துக் குடும்மா. காரைக்கால்மேட்டுக்குப் போறோம்.”

போறோம் என்றார். நான் வீட்டம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். மஞ்சள் பையும் தண்ணீர் பாட்டிலும் மடியில் இருந்தன.

“கட்டில்ல கிடந்து யோசிச்சேம்மா,” என்றார் சார். “கீழ ஆள் நிக்காம மேல ஏறாதேன்னு எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். ரிட்டையரானதும் நான் பாட்டுக்குத் தனியாவே போய்க்கிட்டு இருந்திருக்கேன். இவளை ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. கூப்பிட்டிருந்தா, உங்ககிட்ட வந்து அழாம என்கிட்டயே சொல்லியிருப்பா.”

“பறவைக்கு நடுவுல நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்டேன்,” என்றார் வீட்டம்மா, இன்னும் தெருவைப் பார்த்தபடி. “வா, வந்து நில்லுன்னாங்க.”

அலமாரியின் மேல் தட்டிலிருந்து பையை இறக்கி, தூசியைத் துடைத்துக் கொடுத்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். கால் முழுக்க மணல், இருவர் முகத்திலும் வெயில். ஆலா என்கிற கடல் பறவைகள் படகுகளுக்கு மேல் கூட்டமாகச் சுற்றியிருக்கின்றன. மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, வீட்டம்மாவின் தோளில் லென்ஸை வைத்து சார் படம் எடுத்திருக்கிறார்.

“மூச்சு விடாதேங்கிறாங்க,” என்று வீட்டம்மா புகார் சொன்னார். “எவ்வளவு நேரம் மூச்சு விடாம நிக்கிறது? காது பக்கத்துல டொக்கு டொக்குன்னு அடிக்குது.”

அண்ணன் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கார்டைத் திறந்தேன். முதல் படம் கலங்கல். இரண்டாவதும் கலங்கல். மூன்றாவதில் ஒரு ஆலா வாயில் மீனோடு நின்றது, கண் ஊசி முனை போலத் தெரிந்தது. யாரோ ‘ஆங்’ என்றார்கள். அண்ணன்தான். அதற்குப் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேறின. பழைய சாரின் படங்கள் இல்லை அவை. ஆனாலும் பறவை பறவையாக இருந்தது, கண் அதனதன் கண்ணாக இருந்தது.

அன்றைக்குச் சாரே பக்கத்தில் உட்கார்ந்து எஃபெக்ட் சொன்னார். “இது மூட்டமான நேரத்துல எடுத்தது, இதுக்கு வாட்டர் கலர் போடு, மழைக்கு முன்னாடி மாதிரியே இருக்கும். அந்த ஆடின உள்ளானுக்குப் பென்சில் போடு.” அரசலாற்று நாரையையும் விடவில்லை. கண்ணை எடுத்துவிட்டு, இழுப்பை இழுப்பாகவே வைத்துப் பெயின்டிங் போடச் சொன்னார். “கண்ணு தெரியலன்னா தெரியல. அது அரசலாத்து நாரையாவே இருக்கட்டும்,” என்றார். ஒட்டிய கண் இருந்த ஃபைலை அண்ணன் தன் கையாலேயே அழித்தார். அழித்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு என்னிடம் வேலையல்லாத ஒரு பேச்சு பேசினார்: “இந்த நாற்காலிக் கைப்பிடியை மாத்திடலாமா?” இருக்கட்டும் அண்ணே, நீங்க பேசினதே போதும் என்றேன். அது ஏன் இன்றுவரை ஆடுகிறது என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

பெயின்டிங் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? போடுவதற்கு முன்னால், எதை மூடுகிறோம், யாரிடமிருந்து மூடுகிறோம் என்று ஒரு நிமிஷம் பாருங்கள். படம் எடுத்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

பன்னிரண்டாவதாக ஒரு படம் குறைந்தது. கார்டைத் திரும்ப ஓட்டியபோது சார் ஒன்றில் நிறுத்தச் சொன்னார். வானம், ஆலாக்கள், பாய்மரக் கயிறு எல்லாம் மேலும் கீழுமாகக் குலுங்கிப் போயிருந்த படம். அன்று எடுத்ததிலேயே மோசமானது அதுதான். நான் பழக்க தோஷத்தில் பெயின்டிங்குக்கு மௌஸைக் கொண்டுபோனேன்.

“அதுக்கு ஒன்னும் போடாதே.”

“ரொம்ப ஆடியிருக்கு சார்.”

“ஆடினது நான் இல்லம்மா. ஏலத்துல நின்ன மீன்காரம்மா ஒருத்தவங்க எங்களைப் பாத்துட்டு, ‘என்னக்கா, தோள்ல பீரங்கிய வச்சு யாரைச் சுடப் போறீங்க’ன்னு கேட்டாங்க. இவ சிரிச்சுட்டா.” அவர் திரும்பி வீட்டம்மாவைப் பார்த்தார். வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். “இது இவ ஆட்டினது. அப்படியே போடு.”

அந்த வருஷத்துக் காலண்டரில் கலங்கிய படங்கள் ஏழோ எட்டோ இருந்தன. அவற்றில் எந்த எஃபெக்டும் போடாமல் அச்சுக்குப் போனது அது ஒன்றுதான்.